நிலமும் பொழுதும் புகையும்: மோனேயின் ரயில் நிலையம் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற மாத இதழின் நடுப்பக்கத்தில், பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1877ஆம் ஆண்டு வரைந்த ‘செயின்ட் லஸார் ரயில் நிலையம்’ என்னும் ஓவியத்தை வண்ணத்தில் வெளியிட்டிருந்தோம். ஓவியரின் பெயர், வரைந்த ஆண்டு, அது இப்போது பாரிஸ் நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்ற செய்தி, இவ்வளவுதான் படத்தின் கீழே இருந்தது. விளக்கம் எழுதாமல் விட்டதாலோ என்னவோ, நம் சேலத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வழக்கத்தைவிட அதிகமான கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றுள் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: படத்தைப் பலமுறை எடுத்துப் பார்த்தேன். எஞ்சின் தெளிவாக இல்லை, மனிதர்களுக்கு முகமே இல்லை, பாதிப் படம் புகையாக இருக்கிறது. இதை ஏன் சிறந்த ஓவியம் என்று சொல்கிறார்கள்?
(கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

நீங்கள் குறையாக எழுதியிருக்கும் மூன்றும் படத்தில் இருப்பவைதான். அவற்றை மறுக்க நான் முயலப்போவதில்லை. ஆனால் அந்த மூன்றையும் வைத்துக்கொண்டே படத்தை இன்னொரு முறை என்னோடு பாருங்கள்.

மோனே நிற்கும் இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அவர் இரும்பும் கண்ணாடியும் கொண்டு அமைத்த பெரிய கூரையின் அடியில் நின்று, வெளியே பார்க்கிறார். படத்தின் மேல்பகுதியில் கூரையின் முகடு ஏறக்குறைய நடுவில் இருக்க, இரண்டு சரிவுகளும் இருபுறமும் இறங்குகின்றன; நம் ஊர் ஓட்டு வீட்டின் முகப்பை உள்ளிருந்து பார்ப்பது போன்ற அமைப்பு. கூரைக்குக் கீழே நிழல். கூரை முடியும் இடத்துக்கு அப்பால் குளிர்கால வெயில், அந்த வெயிலில் வெளிறி நிற்கும் உயர்ந்த குடியிருப்புகள், தண்டவாளங்களுக்கு மேலே குறுக்காகச் செல்லும் ஐரோப்பா பாலம். நிழலும் வெயிலும் சந்திக்கும் அந்த எல்லையில்தான் எஞ்சின் வந்துகொண்டிருக்கிறது. இப்போது புகையைப் பாருங்கள். கூரைக்கு உட்பட்ட புகை நீலமாகவும் ஊதாவாகவும் இருக்கிறது. வெளியே வெயிலில் எழும் புகை வெண்மையாகவும் இளமஞ்சளாகவும் இருக்கிறது. ஆகவே பாதிப் படம் புகை என்று நீங்கள் எழுதியது சரியானாலும், அந்தப் புகை படத்தை மறைப்பதற்காக வரையப்பட்டதன்று. எந்த இடம் உள்ளே, எந்த இடம் வெளியே, வெயில் எந்தப் பக்கம், காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் சொல்லும் பொறுப்பை மோனே புகையிடம் ஒப்படைத்திருக்கிறார்.

ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கட்டைவிரலால் எஞ்சினை மறைத்துக்கொண்டு பாருங்கள். படம் குலையாமல் அப்படியே நிற்கும். பிறகு உள்ளங்கையால் புகை இருக்கும் பகுதியை மறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது ஓர் இரும்புக் கூரையும் சில வண்ணத் தீற்றல்களும் மட்டுமே. இந்த ஓவியத்தின் பொருள் ரயில் அன்று, ரயில் நிலையத்துக்குள் அடைபட்ட ஒரு வேளையின் வெளிச்சம் என்பது அப்போது விளங்கும்.

நம் இலக்கணத்தில் இதற்குப் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது. அகப்பாடலுக்கு முதற்பொருள் என்று தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சொன்னார். மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருளாக அதற்கு அடுத்தே வந்தன. மோனே தொல்காப்பியத்தை அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் அவர் இந்த நிலையத்தை வரைந்த முறையை விளக்க எனக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை. கூரையும் தண்டவாளமும் நிலம். பனிக்காலத்தின் பகல் பொழுது. எஞ்சினும் மனிதர்களும் கருப்பொருள். முதற்பொருளை முழுமையாகக் காட்டிவிட்டால் கருப்பொருளைச் சில கோடுகளில் நிறுத்திவிடலாம் என்ற துணிவு அவருக்கு இருந்தது.

முடிவுபெறாத படம் போலத் தோன்றுகிறது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்ததுதான். 1874இல் மோனேயும் நண்பர்களும் பாரிஸில் நடத்திய முதல் கண்காட்சியில் அவருடைய ‘மனப்பதிவு (இம்ப்ரெஷன்), சூரிய உதயம்’ என்ற படத்தைக் கண்ட லூயி லெருவா என்ற விமர்சகர், அந்தத் தலைப்பிலிருந்த சொல்லைக் கொண்டே இவர்கள் அனைவரையும் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று கேலி செய்தார். அந்தக் கேலிப்பெயரே அந்த ஓவியர் கூட்டத்துக்கு நிலைத்துவிட்டது.

கேள்வி: நான் நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக வேலை பார்த்தவன். எஞ்சினிலிருந்து கரும்புகை வரும், வெள்ளை நீராவி வரும். நீலப் புகையை என் சர்வீஸில் நான் கண்டதில்லை. ஓவியர் கற்பனையாகப் போட்டாரா, அல்லது உங்கள் அச்சகத்தின் பிழையா?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், சூரமங்கலம்)

ஐயா, தங்கள் கடிதம் வந்த அன்று அதை இரண்டு முறை படித்தேன். எஞ்சினின் மேல் நின்று கரி அள்ளிப் போட்டவர் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பது, எந்தக் கலை விமர்சகரின் கருத்தையும்விட எனக்கு முக்கியமானது.

அச்சில் நீலம் சற்று ஏறிவிட்டது உண்மை. அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்திலுள்ள படத்தோடு ஒப்பிட்டால், நம் இதழில் ஊதா மங்கி நீலம் மிகுந்திருப்பது தெரிகிறது. ஆனால் அதைக் கழித்த பிறகும் படத்தில் நீலப் புகை இருக்கவே செய்கிறது. அது கற்பனை அன்று.

தாங்கள் அறிந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சிலிண்டரில் வேலை முடித்த நீராவி, புகைபோக்கி வழியாகவே மேலே போகிறது. போகும் வேகத்தில் அது அடுப்பின் புகையையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் நெருப்பு நன்றாக எரிகிறது. எனவே எஞ்சினின் தலையிலிருந்து வருவது கரித்துகளும் நீர்த்துளிகளும் கலந்த ஒன்று. நீராவிக்கு உண்மையில் நிறம் கிடையாது. சேஃப்டி வால்விலிருந்து சீறி வரும்போது வாயை ஒட்டிய சிறிது தூரம் வெறுமையாகத் தெரிந்து, அதற்கு மேல்தான் வெண்மேகம் தொடங்குவதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்து நுண்துளிகளாக மாறிய பிறகே அது கண்ணுக்குத் தெரிகிறது. அந்தத் துளிகள் ஓரளவு பெரியவை என்பதால் எல்லா நிற ஒளியையும் ஒன்றுபோலச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றுகின்றன. மெலிந்து பரவிய கரிப்புகையின் துகள்கள் மிக நுண்ணியவை. அவை நீல ஒளியையே அதிகமாகச் சிதறடிக்கும். அந்த மெல்லிய புகைக்குப் பின்னால் இருட்டான ஒன்று இருந்தால் புகை நீலமாகத் தெரியும். பின்னால் வெளிச்சம் இருந்தால் அதே புகை பழுப்பாகவோ மஞ்சளாகவோ தெரியும். சேலத்திலிருந்து பார்க்கும்போது சேர்வராயன் மலை நீலமாகத் தெரிவதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். இடையிலுள்ள காற்றின் நீலம் மலையின் கருமைக்கு முன்னால் படிந்து தெரிகிறது. ஏற்காட்டுக்குப் போய் நின்றால் அந்த மலை பச்சையாகத்தானே இருக்கிறது? தாங்கள் எஞ்சினின் மேலேயே நின்றிருந்தீர்கள். மோனே சற்று விலகி, இருண்ட கூரையைப் பின்புலமாகக் கொண்டு பார்த்தார். இருவர் கண்டதும் உண்மையே.

குளிரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மோனே இந்த நிலையத்தைப் பலமுறை வரைந்தார்; அந்த வரிசைப் படங்களை வரைந்தது 1877 ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில். நம் கணக்கில் தை, மாசி, பங்குனி. பாரிஸில் அது கடுங்குளிர் காலம் என்பதால் நீராவி விரைவில் கலையாமல் கூரையின் அடியில் தேங்கி நின்றிருக்கும். சித்திரை வெயிலில் சேலம் சந்திப்பில் நின்ற எஞ்சினின் நீராவி வந்த வேகத்திலேயே காற்றில் கரைந்து மறைந்ததைத் தாங்களே கண்டிருப்பீர்கள்.

படத்திலுள்ள கருமையைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தங்களைப் போன்றவருக்கு அது வியப்பளிக்கும். இதே வரிசையைச் சேர்ந்த ஒரு படம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. அதன் வண்ணங்களை அங்குள்ள அறிவியலாளர்கள் ஆராய்ந்தபோது, எஞ்சினும் கூரையும் கன்னங்கரேலென்று தெரியும் இடங்களில் கறுப்பு வண்ணத்தை அவர் ஏறக்குறைய நம்பியிருக்கவே இல்லை என்பது தெரியவந்தது. கோபால்ட் நீலம், செருலியன் நீலம், செயற்கை அல்ட்ராமரின், மரகதப் பச்சை, விரிடியன் பச்சை, சிவப்புச் சாயங்கள் ஆகிய பளிச்சென்ற வண்ணங்களைக் கலந்து கலந்தே அந்தக் கருமையை உண்டாக்கியிருக்கிறார். அதனால்தான் அந்தக் கறுப்பு கரிபோலச் செத்துக் கிடக்காமல் உள்ளுக்குள் நிறம் வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த வண்ணங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் வேதியியல் தொழிற்சாலைகளில் பிறந்தவை. அவற்றை அடைத்து வந்த தகரக் குழாய் 1841இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எஞ்சின் எந்தக் காலத்தின் பிள்ளையோ, அதை வரைந்த வண்ணமும் அதே காலத்தின் பிள்ளை.

தங்களுக்குப் பிடிக்கக்கூடிய இன்னொரு படம் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருக்கிறது. அதில் முன்னால் நிற்பது எஞ்சின் அன்று, தண்டவாள ஓரத்து வட்டத் தட்டுச் சிக்னல். பேரக்குழந்தைகளிடம் சொன்னால் இணையத்தில் தேடி எடுத்துக் காட்டுவார்கள்.

கேள்வி: மோனே என்றும் மானே என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்களே, இருவரும் ஒருவரா?
(பள்ளி மாணவர், ஆத்தூர்)

இருவர். எதுவார் மானே எட்டு ஆண்டுகள் மூத்தவர். கிளாட் மோனே 1840இல் பிறந்தவர். பெயர் மட்டுமன்று, நிலையமும் பொது என்பதால் உங்கள் குழப்பம் இயல்பானதே. மானே 1873இல் வரைந்த ‘ரயில்வே’ என்ற படமும் இதே செயின்ட் லஸார் நிலையத்தை ஒட்டியதுதான். இப்போது வாஷிங்டனில் உள்ளது. அதில் இரும்புக் கம்பி வேலியின் முன்னால் ஒரு பெண் மடியில் புத்தகமும் நாய்க்குட்டியுமாக அமர்ந்து நம்மைப் பார்க்கிறாள். பக்கத்தில் ஒரு சிறுமி நமக்கு முதுகைக் காட்டி, கம்பியைப் பிடித்தபடி, அப்பால் எழும் வெண்ணிற நீராவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். படத்தின் பெயர் ரயில்வே, ஆனால் படத்தில் ரயில் இல்லை. மானே வேலிக்கு வெளியே நின்றார், நான்கு ஆண்டுகளுக்குப் பின் மோனே உள்ளே போனார் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இருவரையும் மாற்றிச் சொல்ல மாட்டீர்கள்.

கேள்வி: என் அப்பா கரி இறக்கும் கூலியாக இருந்தவர், இருமி இருமியே இறந்தார். ரயில் நிலையத்தில் உழைப்பவர்களைக் காட்டாமல், அவர்கள் மூச்சை அடைத்த புகையை மட்டும் அழகாகக் காட்டி மாட்டிவைப்பது சரியா?
(வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி, செவ்வாய்ப்பேட்டை)

உங்கள் கேள்விக்குச் சமாதானம் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அந்தப் படம் உங்கள் தந்தையைப் பற்றிய படம் அன்று. அவரைப் போன்றவர்கள் அந்த நிலையத்திலும் இருந்தார்கள், மோனே அவர்களைச் சில தீற்றல்களாகவே வைத்தார் என்பதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். தண்டவாளத்தின் ஓரத்திலும் நடைமேடையிலும் நிற்கும் உருவங்களில் எது பயணி, எது ஊழியர் என்று பிரித்தறிவதே கடினம். கரித்துகள் கண்ணில் விழுந்தால் எப்படி இருக்கும் என்பதை அந்தப் படத்திலிருந்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு வேளையின் வெளிச்சத்தை முழுமையாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்த ஓவியர், அந்த வேளையில் அங்கே உழைத்தவரின் உடலைக் கைவிட்டார். இது அந்த ஓவியத்தின் எல்லை, நான் அதைச் சிறிய எல்லையாகக் கருதவில்லை.

அதே நண்பர் குழுவில் வேறு விதமாகப் பார்த்தவரும் இருந்தார். குஸ்தாவ் கைபோத் என்ற ஓவியர் 1875இல், மூன்று தொழிலாளர்கள் மேல்சட்டையின்றி மண்டியிட்டு ஒரு வீட்டின் மரத்தளத்தை இழைத்துக்கொண்டிருப்பதை வரைந்தார். தோளெலும்பும் கையின் நரம்பும் இழைத்த மரச்சுருளும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. அரசு ஆதரவு பெற்ற கண்காட்சியின் நடுவர்கள் அந்தப் படத்தை மறுத்துவிட்டார்கள். அதுவும் இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. பட்டறையில் நாள் முழுதும் குனிந்து வேலை செய்யும் நீங்கள் அதைப் பார்க்க வேண்டும். முதுகு வளைந்திருக்கும் விதத்தைப் பார்த்தவுடனேயே, பக்கத்தில் நின்று கவனித்தவர் வரைந்தது என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். எழுத்திலும், எமிலி ஜோலா 1890இல் வெளியிட்ட ஒரு நாவல் இதே நிலையத்தில் தொடங்கி, எஞ்சின் ஓட்டுநர் ஒருவரையும் அவருடைய ஃபயர்மேனையும் மையமாகக் கொண்டு நடக்கிறது. மோனே விட்டதை அவர் எடுத்துக்கொண்டார் என்று நான் நினைப்பதுண்டு.

ஆனால் மோனே புகையை ஒப்பனை செய்து அழகாக்கினார் என்று மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அன்றைய மதிப்புமிக்க கண்காட்சிகளில் புராணக் காட்சிகளும் போர்க்களங்களும் தொங்கின. புகையும் இரும்பும் ஓவியத்துக்குத் தகுதியற்றவை என்று பலரும் எண்ணிய அந்தக் காலத்தில், அவற்றின் எதிரே சட்டகத்தை நாட்டி, உள்ளதை உள்ளபடி பார்க்கத் துணிந்தவர் அவர். ஒரு கொலுசைக் காலில் பார்ப்பவருக்கு அதை உருக்கிய உலையின் சூடு தெரிவதில்லை என்பது உங்களுக்கு அன்றாட அனுபவம். மோனே உலைக்குள் போகவில்லை என்பது உண்மை. ஆயினும் உலை இருக்கும் கட்டடத்தின் வாசலில் நின்று, இங்கேதான் நம் காலம் நடக்கிறது என்று காட்டினார். உங்கள் தந்தையின் மூச்சைப் பற்றிய படத்தை வேறொருவர்தான் வரைய வேண்டும். தமிழில் அந்தப் படம் இன்னும் வரையப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஏரியும் மலையும் காபித் தோட்டமும் இருக்கும் ஊரில் வாழ்கிறேன். இயற்கையை வரைந்து புகழ்பெற்ற ஒருவர் இரைச்சல் மிகுந்த ரயில் நிலையத்துக்கு ஏன் போக வேண்டும்?
(பள்ளி ஆசிரியை, ஏற்காடு)

அம்மா, மோனேயை அந்த இயற்கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே ரயில்தான். 1871 இறுதியிலிருந்து 1878 வரை அவர் வாழ்ந்த அர்ஜந்தோய் என்ற ஆற்றங்கரை ஊருக்குப் பாரிஸிலிருந்து செல்லும் ரயில் செயின்ட் லஸார் நிலையத்திலிருந்தே புறப்பட்டது. அவர் சிறுவயதில் வளர்ந்த ல ஹாவ்ர் துறைமுகத்துக்குப் போகும் பாதையும் அங்கிருந்தே தொடங்கியது. பாரிஸிலிருந்து 1837இல் ஒரு புறநகர் ஊர்வரை சென்ற பாதை, 1843இல் ரூவான் நகரையும் 1847இல் கடற்கரையையும் எட்டியது. மோனேயின் ஆறும் படகும் பாப்பி மலர் வயலும் கடற்கரையும் அந்தத் தண்டவாளத்தின் மறுமுனையில் இருந்தவை. காலையில் பெட்டியோடு ரயிலேறி, வெளிச்சம் போகும்வரை வரைந்து, மாலையில் நகருக்குத் திரும்பும் வாழ்க்கை அந்த ஓவியர்களுக்கு அதனால்தான் கைகூடியது. நிலையத்தை வரைந்தபோது அவர் இயற்கையை விட்டு விலகவில்லை, இயற்கைக்குச் செல்லும் வாசலை வரைந்தார் என்று கொள்ளலாம்.

நம் நிலையும் அவ்வளவு வேறுபட்டதன்று. சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை சேலத்தை 1861இல் எட்டிவிட்டது. மோனே சட்டகத்தோடு நிலையத்துக்குள் நுழைந்தபோது நம் ஊரில் ரயில் ஓடத் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. உங்கள் மலைக்கு ரயில் ஏறவில்லை. ஆனாலும் சென்னைக்குப் போகும் நம் இரவு ரயிலுக்கு ஏற்காடு என்றே பெயர். அதில் அதிகாலையில் வந்திறங்கி, தூக்கம் கலையாத கண்ணோடு மலைப்பேருந்துக்கு ஓடும் பயணிகள், ஏரியையும் காபித் தோட்டத்தையும் சேலம் சந்திப்பின் நடைமேடையிலிருந்தே பார்க்கத் தொடங்குகிறார்கள்.

1877 ஏப்ரலில் நடந்த மூன்றாவது கண்காட்சியில் இந்த வரிசையிலிருந்து குறைந்தது ஏழு படங்களை மோனே வைத்தார். அவற்றைப் பார்த்து எழுதிய ஜோலா, தந்தையர் காடுகளிலும் ஆறுகளிலும் கவிதையைக் கண்டதுபோல இன்றைய ஓவியர்கள் ரயில் நிலையங்களில் கண்டாக வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். அதற்கும் முன்னர், 1844லேயே, இங்கிலாந்தின் டர்னர் மழைக்குள் பாய்ந்து வரும் ஒரு ரயிலை வரைந்திருந்தார். போர் காரணமாக மோனே 1870இல் லண்டன் சென்று சில மாதங்கள் தங்கியிருந்தபோது டர்னரின் ஓவியங்களைப் பார்த்தார். ஆனால் டர்னரின் ரயில் ஒரு புயலைப் போல வருகிறது. மோனேயின் ரயில் தினந்தோறும் வரும் ரயில். அந்த அன்றாடத்தன்மையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இயந்திரத்தைக் கண்டு அஞ்சாமலும் அதை வாழ்த்திப் பாடாமலும், ஓர் ஆற்றின் மீது படியும் பனியைப் பார்ப்பது போலவே பார்த்திருக்கிறார்.

இதை உங்களைவிட நன்றாக உணரக்கூடியவர் யார்? மழை விட்ட மார்கழிக் காலையில் சேலத்திலிருந்து மலையேறும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் திடீரென்று முன்னால் போகும் பேருந்து காணாமல் போய், அதன் சிவப்பு விளக்கு மட்டும் பஞ்சுக்குள் வைத்த கனல்போலத் தெரியும். அந்த நேரத்தில் பேருந்தும் மேகமும் வேறுவேறாகத் தெரிவதில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே காட்சியாகிவிடுகின்றன. மோனே நிலையத்துக்குள் கண்டது அதுதான். கண்ணாடிக் கூரை அவருக்கு வானம், நீராவி மேகம். மேகம் எங்கிருந்து பிறந்தது என்ற கேள்வியை அவர் கண் கேட்கவில்லை.

கேள்வி: ஒரே நிலையத்தை இவர் எத்தனை முறை வரைந்தார்? உள்ளே உட்கார யார் அனுமதித்தார்கள்? சென்னையில் எங்காவது இவற்றைப் பார்க்க முடியுமா?
(இல்லத்தரசி, கொண்டலாம்பட்டி)

பன்னிரண்டு படங்கள். ரயில் நிறுவனத்திடம் அனுமதி பெற்றே வரைந்தார். அனுமதி பெற்ற விதத்தைப் பற்றிச் சுவையான கதை ஒன்று உலவுகிறது: மோனே தன் சிறந்த உடையை அணிந்துகொண்டு பெரிய மனிதரைப் போலப் போனதாகவும், அவருக்காக ரயில்களையே நிறுத்தி வைத்ததாகவும் ஓவியர் ரெனுவார் சொன்னதாக அவருடைய மகன் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொல்லப்பட்ட கதை அது. நான் அதைக் கதையாகவே வைத்துக்கொள்கிறேன். உறுதியாகத் தெரிந்தது இதைவிட நெகிழ்ச்சியானது. கடன் தொல்லையில் இருந்த மோனேவுக்கு நிலையத்தின் அருகே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தவர், மேலே நான் குறிப்பிட்ட கைபோத். இந்த வரிசையில் சில படங்களை அவரே விலை கொடுத்தும் வாங்கினார். 1894இல் நாற்பத்தைந்து வயதில் அவர் இறந்தபோது தம் சேகரிப்பு முழுவதையும் அரசுக்கு எழுதி வைத்திருந்தார். அரசு தயங்கித் தயங்கி அதில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றது. நம் நடுப்பக்கத்தில் வந்த படம் அப்படி மக்களுக்கு வந்து சேர்ந்ததுதான்.

சென்னையில் இவை இல்லை. பாரிஸ், லண்டன், சிகாகோ, ஹார்வர்ட் என்று பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. அந்த அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களில் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஓர்சே படம் அகலத்தில் ஒரு மீட்டருக்குச் சற்றே மிகுந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். கைப்பேசித் திரையில் அது ஒரு தீப்பெட்டிப் படம்போல ஆகிவிடுகிறது. அந்த அருங்காட்சியகக் கட்டடமே 1900இல் திறக்கப்பட்ட ஒரு ரயில் நிலையம், 1986இல் அருங்காட்சியகமாக மாறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஓவியம் கற்று வருகிறேன். மோனேயைப் போலச் சேலம் சந்திப்பை வரைய ஆசை. ஆனால் இப்போது மின்சார எஞ்சின்கள்தானே? புகையே இல்லாத நிலையத்தில் எதை வரைவது?
(ஓவிய மாணவர், ஓமலூர்)

தம்பி, புகையை வரைய வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். மோனேவுக்கு வெளிச்சத்தைக் காட்டப் புகை கிடைத்தது. உங்களுக்கு வேறொன்று கிடைக்கும். சித்திரை மாத நண்பகலில் தண்டவாளத்துக்கு மேலே காற்று நெளிந்து, தூரத்தில் வரும் எஞ்சினின் அடிப்பகுதி தண்ணீரில் நிற்பது போலத் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நீராவிக்குச் சற்றும் குறைந்த பொருளன்று. மேலே செல்லும் மின்கம்பிகள் மாலை வெயிலில் சில நிமிடங்கள் மட்டும் செம்புக் கோடுகளாக மின்னும். மழை பெய்த இரவில் எஞ்சினின் முகப்பு விளக்கு தண்டவாளத்தில் நீண்டு கிடக்கும். உங்கள் ஊருக்கு வரும் வழியிலேயே மேக்னசைட் நிலையம் இருக்கிறது. வெள்ளைக்கல் வெட்டி எடுத்த அந்த நிலத்தின் வெளிறிய மண் பகலில் வெளிச்சத்தை எப்படித் திருப்பி அடிக்கிறது என்று ஒரு நாள் இறங்கிப் பாருங்கள். மோனேவுக்குக் கிடைக்காத நிலம் அது.

நிலைய மேலாளரிடம் எழுத்து மூலமாக அனுமதி கேட்டுப் பெற்ற பிறகே பலகையோடு உட்காருங்கள். மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓர் அடிகூட வைக்காதீர்கள். கறுப்பு வண்ணக் குழாயை வீட்டிலேயே வைத்துவிட்டு, அல்ட்ராமரின் நீலம், கிரிம்சன் சிவப்பு, விரிடியன் பச்சை மூன்றையும் கொண்டு கருமையைக் கலக்கப் பழகுங்கள். ஒரே இடத்தையும் ஒரே பொழுதையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, குறைந்தது ஒரு வாரமாவது அதே நேரத்துக்கு அங்கே போங்கள். முதல் நாள் எஞ்சினை வரைய வேண்டாம். ரயில் வருவதற்கு முன்பு, நடைமேடைக் கூரையின் நிழல் முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில், தரை எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை மட்டும் ஓர் உள்ளங்கை அளவு காகிதத்தில் தீட்டி, அதை எனக்கு அனுப்புங்கள்.